ரீஃபில் மளிகை: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீஃபில் கடை என்றால் என்ன? வேலூரில் அப்படி ஒன்று இருக்கிறதா?

வீட்டிலிருந்து டப்பா, பை, பாட்டில் கொண்டுபோய், வேண்டிய அளவு பருப்போ எண்ணெயோ நிரப்பிக்கொண்டு வருவதுதான் ரீஃபில். சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே கண்ணாடி ஜாடி அடுக்கிய கடைகள் வந்திருக்கின்றன. அதைப் படத்தில் பார்த்துவிட்டு, "நம்ம ஊரில் இல்லையே" என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். லாங் பஜாரிலும் மண்டித் தெருவிலும் மூட்டை வாயைச் சுருட்டிவிட்டுப் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறார்களே, அது வேறென்ன? மாவு மில், செக்கு, தெருக்கோடி மளிகைக் கடை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ரேஷன் கடையை ஏன் விட வேண்டும்? 2011 ஜூன் முதல் விலையில்லாமல் தரப்படும் அரிசியை, நாம் நீட்டும் பையில்தான் கொட்டுகிறார்கள். காலி கேனைக் கொடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்குவதும் இதே முறைதான்.

கடைக்குக் குறைச்சல் இல்லை. நாம்தான் வெறுங்கையோடு போய்க் கவர் கேட்கிறோம்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

"பாதிக்குப் பாதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: தனியா கிலோ 140 ரூபாய், அரைக்கக் கூலி 40 ரூபாய். ஆக, கிலோ 180. அதே தனியாத் தூள் 100 கிராம் பாக்கெட் 32 ரூபாய் என்றால் கிலோ 320 ஆகிறது. மாதம் கால் கிலோ செலவாகும் வீட்டுக்கு இதில் 35 ரூபாய் மிச்சம். ஒரு பொருளில் இது பெரிதாகத் தெரியாது. மிளகாய், சீரகம், மிளகு, கடுகு, பருப்பு வகைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாதக் கடைசியில் கையில் நிற்கும். இந்த விலைகள் கணக்கு காட்டுவதற்காகச் சொன்னவை. உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. பாக்கெட்டின் மேல் விலையோடு கிராமுக்கு எவ்வளவு என்றும் இப்போது அச்சிட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். அதை 1000 ஆல் பெருக்கி, சில்லறைக் கடையின் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் இந்தக் கணக்கு முக்கியம். விலை ஏறும்போது அந்தப் பாக்கெட்டில் விலையைத் தொடமாட்டார்கள், உள்ளே இருக்கும் எடையைத்தான் குறைப்பார்கள்.

இன்னொரு மிச்சம் இருக்கிறது, என் பார்வையில் அதுதான் பெரியது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாங்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிற பலகாரத்துக்காக 200 கிராம் கசகசா பாக்கெட் வாங்கி மூலையில் போட வேண்டியதில்லை. 25 கிராம் நிறுத்துத் தரச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. பாகாயத்திலிருந்து ஆட்டோ பிடித்து லாங் பஜார் போய் இரண்டு கிலோ பருப்பு வாங்கி வந்தால், மிச்சமெல்லாம் ஆட்டோக்காரருக்குத்தான். மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்குவதென்றால் பஜாருக்குப் போங்கள். இல்லாவிட்டால் தெருக்கடையே லாபம்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது?

2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரைக்கும் 5 சதவீத ஜிஎஸ்டிக்குள் வந்தன. அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு அந்த வரி இல்லை. அதனால்தான் அரிசி ஆலைகள் 25 கிலோ சிப்பத்தை 26 ஆக்கின. ஆரணியிலிருந்து வரும் சிப்பங்களிலும் இதைப் பார்க்கலாம். மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் சில்லறை அரிசிக்கும் பருப்புக்கும் ஜிஎஸ்டி கிடையாது. 5 கிலோ பையாக வாங்குகிறவர் வரியும் கட்டுகிறார், பைக்கும் காசு கொடுக்கிறார்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சிப்பம் பெரிதாகத் தெரிந்தால், பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். காலிச் சாக்கை எறியாதீர்கள். மாடித் தோட்டத்துக்கு ஆகும், காய்ந்த குப்பையைச் சேர்த்துவைக்க ஆகும்.

டப்பாவோடு தராசில் வைத்தால் எடையில் ஏமாந்துவிட மாட்டோமா?

ஏமாற வாய்ப்பு உண்டு. கவனமாக இருந்தால் போதும். காலி டப்பாவை முதலில் தராசில் வையுங்கள். கடைக்காரர் ஒரு பட்டனைத் தட்டினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்புறம் கொட்டச் சொல்லுங்கள். "டப்பா வெயிட்டைக் கழிச்சிட்டுப் போடுங்கண்ணா" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. கூட்ட நேரத்தில் இது வேலைக்கு ஆகாது. அதற்கு வீட்டிலேயே டப்பாவின் எடையைப் பார்த்து அடியில் பெயின்டால் எழுதி வைத்துவிடலாம். இல்லையென்றால் கடையின் தட்டிலேயே நிறுக்கச் சொல்லி, பிறகு டப்பாவில் கொட்டிக்கொள்ளலாம். கடைக்காரர்களுக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழிதான்.

எவர்சில்வர் டப்பா கனமானது. அரைக் கிலோ முந்திரி வாங்கும்போது டப்பா எடை 150 கிராம் அதில் சேர்ந்துவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்க வேண்டும். எடையில் சந்தேகம் வலுத்தால், தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. புகாரை அங்கேதான் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் டப்பாவில் போட முடியாது என்கிறார். என்ன செய்வது?

பெரும்பாலும் நேரம்தான் காரணம். பல கடைகளில் காலையிலேயே அரைக் கிலோ, கால் கிலோவாகக் கவரில் கட்டி வைத்துவிடுகிறார்கள். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் போய் மூட்டையிலிருந்து நிறுக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? மதியம் கடை காலியாக இருக்கும்போது போங்கள். அல்லது காலையில் சீட்டையும் பைகளையும் கொடுத்துவிட்டு, மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து வைத்திருந்தால் இன்னும் சுலபம். எடையும் இருக்காது, இடமும் அடைக்காது. பழைய வேட்டி இதற்கு அருமையான துணி. பருப்புக்குத் துணிப்பை, எண்ணெய்ப் பசை உள்ளதற்கு டப்பா என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்படியும் மறுத்தால் கடையை மாற்றுங்கள். நேதாஜி மார்க்கெட்டைச் சுற்றி வேறு கடைக்குப் பஞ்சமில்லை.

எண்ணெயைச் சில்லறையாக வாங்கலாமா? அது சட்டப்படி சரிதானா?

இது எல்லாரும் கேட்கும் கேள்வி, பலர் தப்பாகப் பதில் சொல்லும் கேள்வியும் கூட. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சமையல் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். மாநில அரசு விலக்கு அளித்தால் மட்டும் சில்லறை விற்பனை செல்லும். கலப்படம் செய்ய எண்ணெயை விடச் சுலபமான பொருள் இல்லை என்பதால் வந்த விதி. ஆகவே பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எண்ணெயை, விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

நமக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமி இது. பருப்பை நாமே வாங்கி, வெயிலில் காயவைத்து, செக்கில் கொடுத்துக் கூலிக்கு ஆட்டிக்கொள்ளலாம். அங்கே நீங்கள் எண்ணெயை விலைக்கு வாங்கவில்லை. உங்கள் பொருள், அவருடைய கூலி, உங்கள் கேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு பிடிக்கும். நல்லெண்ணெய்க்கும் ஏறக்குறைய அவ்வளவு எள், கூடவே கொஞ்சம் கருப்பட்டி. தேங்காய் எண்ணெய்க்குக் கொப்பரை குறைவாகவே போதும். பிண்ணாக்கை விட்டுவிட்டு வராதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள். சில செக்குகளில் பிண்ணாக்கைக் கூலிக்கு ஈடாக எடுத்துக்கொள்வதும் உண்டு. முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

இப்படி ஆட்டிய எண்ணெய், பாக்கெட் ரீஃபைண்ட் எண்ணெயை விட மலிவாக இருக்காது. பணம் மிச்சம் என்று நினைத்துச் செக்குக்குப் போனால் ஏமாற்றம்தான். கடையில் பாட்டிலில் அடைத்து விற்கும் மரச்செக்கு எண்ணெயோடு ஒப்பிட்டால் குறைவாக வரும். மாதாமாதம் ஐந்தாறு எண்ணெய்க் கவர் குப்பைக்குப் போவதும் நிற்கும்.

கேன் விஷயத்தில் ஒன்று. ஆட்டிய எண்ணெயை இரண்டு நாள் தெளியவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி பாட்டிலிலோ ஊற்றுங்கள். பழைய எண்ணெய் அடியில் இருக்கும்போதே மேலே புதிதை ஊற்றினால் எல்லாமே சிக்கு வாடை அடிக்கும்.

மிளகாய்த் தூள், மஞ்சள் தூளைச் சில்லறையாக வாங்கலாமா?

வேண்டாம். மசாலாத் தூள்களையும் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பது விதி. அது நியாயமும்கூட, தூளாக்கியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டது? முழு மிளகாய், முழுத் தனியா, விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது கேழ்வரகு அரைத்திருந்தால் மிளகாய்த் தூளில் அது கொஞ்சம் கலக்கும். அரைக் கைப்பிடி முதலில் ஓட்டித் தனியாக எடுத்துவிடச் சொன்னால் சரி.

மொத்தமாக வாங்கினால் வண்டு வந்துவிடுகிறதே?

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் நம்மை வாட்டும் அதே வெயில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவுகிறது. பருப்பு, பயறு வகைகளை வாங்கியதும் மாடியில் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அரிசியை மட்டும் கடும் வெயிலில் போட வேண்டாம், நொறுங்கும். நிழலில் ஆறவிட்டால் போதும். காய்ந்த வேப்பிலை, வசம்பு, வர மிளகாய் போட்டு வைப்பது பலர் வீட்டுப் பழக்கம். வண்டு வருவதைத் தள்ளிப்போடுமே தவிர, ஏற்கெனவே முட்டை இருந்தால் அழிக்காது. துவரம்பருப்பில் கிலோவுக்கு ஒரு சின்ன கரண்டி ஆமணக்கெண்ணெய் தடவி வைத்தால் மாதக்கணக்கில் வண்டு அண்டாது. சமைக்கும் முன் கழுவினால் போய்விடும்.

ரவையைக் கொண்டுவந்த அன்றே வறுத்து வைத்துவிடுங்கள். கடலை மாவு, கோதுமை மாவு இரண்டையும் மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். ஃப்ரிட்ஜில் இடமிருந்தால், புதுப் பருப்பை இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தெடுப்பது நல்லது, முட்டையும் செத்துவிடும். புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டுப் பீங்கான் ஜாடியில் அழுத்தி வைத்தால் வருஷம் தாங்கும். பங்குனி, சித்திரையில் புதுப்புளி வரும்போது வாங்கிவிடுவது இங்கே வழக்கம்.

சில்லறைப் பொருளுக்குத் தேதி கிடையாது. வாங்கிய மாதத்தை டப்பாவில் ஒட்டி வையுங்கள்.

திறந்த மூட்டையில் சுத்தம் எப்படி இருக்கும்? கலப்படம்?

மூட்டை வேகமாகக் காலியாகும் கடையைத் தேர்ந்தெடுங்கள். மற்ற சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். மேலே தூசி படிந்திருந்தாலோ, பருப்பின் அடியில் மாவாகக் கிடந்தாலோ வேண்டாம். மிளகைத் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும், பப்பாளி விதை மிதக்கும். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது பிரம்மதண்டு என்னும் விஷச்செடியின் விதையாக இருக்கலாம். பாலிஷ் போட்டுப் பளபளக்கும் துவரம்பருப்பை விட மங்கலாக இருப்பதே தேவலை.

சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கிச் சமைக்கிறோம். எங்களுக்கு இது ஆகுமா?

உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். மூன்று வாரமா, இரண்டு மாதமா என்று தெரியாமல் தங்குகிறவர்கள் கிலோக் கணக்கில் வாங்கி, கிளம்பும்போது பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் 50 கிராம், 100 கிராம் கேட்பது புதிதல்ல. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள், கடைக்காரர்களுக்கும் பழகிப்போய்விட்டது. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் நாலு இருந்தால் குடித்தனம் நடத்திவிடலாம். நோயாளிக்குத் தருவதை மட்டும் நன்றாகப் புடைத்து, கழுவி, வேகவைத்துக் கொடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு என்ன தரலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

விஐடி பக்கம் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

ஷாம்பூவைப் பெரிய பாட்டிலாக வாங்குவதுதானே லாபம்?

பல சமயம் இல்லை. மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், சாஷே மலிவாக இருப்பதைப் பார்க்கலாம். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு அது ஒரு வசதி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காலிச் சாஷேயைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்கமாட்டார். பணம் ஒரு பக்கம் இழுக்கிறது, குப்பை இன்னொரு பக்கம். சீயக்காயை மில்லில் அரைத்து வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். வேலைக்கு ஓடுகிற நாளில் அதை அலச யாருக்கு நேரம் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

சோப் ஆயில், பினாயிலை நிரப்பி வாங்கலாமா?

தாராளமாக. வண்டியில் கேன் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர்களிடம் பழைய பாட்டிலைக் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ மட்டும் வாங்கவே கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு வரும். எதில் எது இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

கடையில் தரும் துணிப்பை மாதிரியான பை பரவாயில்லையா?

அது துணி இல்லை. நான்-ஓவன் என்று சொல்லப்படும் அந்தப் பை பிளாஸ்டிக் இழையால் ஆனது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை வைத்திருந்தால் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் போய்விட்டது என்றே சொல்லலாம்.

செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதும் சரியில்லை. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் அதற்கும் தடை இருக்கிறது. சூடான போண்டா, பஜ்ஜிக்குக் கண்டிப்பாகக் கூடாது.

அழகான கண்ணாடி ஜாடி செட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். குப்பையைக் குறைக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜாடி வாங்கினால், அந்தக் காசைப் பருப்பில் மிச்சம் பிடிக்க வருஷக்கணக்கில் ஆகும். பரணில் கிடக்கும் எவர்சில்வர் டப்பாக்களை இறக்குங்கள். கல்யாணத்தில் வந்தவை எப்படியும் பத்து தேறும்.

ஒரு வீடு மாறினால் குப்பை குறைந்துவிடுமா?

மாநகராட்சி வண்டி வரும்போது மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். மக்காத குப்பையில் பால் கவரைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள், பிளாஸ்டிக் டப்பாவையும் எடுப்பார்கள். உள்பக்கம் வெள்ளியாக மின்னும் மசாலாக் கவர், பிஸ்கட் கவர் இவற்றைச் சீந்த ஆளில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல அடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்க முடியாது. சேர்த்துக் கொடுத்தால் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கப்போகும், இல்லாவிட்டால் காற்றில் பறந்து பாலாற்று மணலிலோ நிக்கல்சன் கால்வாயிலோ போய் விழும். ரீஃபில் செய்கிற வீட்டில் முதலில் குறைவது இந்த யாருக்கும் வேண்டாத கவர்தான். ஒரு மாதக் கவரை ஒரு சாக்கில் சேர்த்துப் பாருங்கள், எங்கே தொடங்குவது என்று அதுவே சொல்லிவிடும்.

எதைப் பாக்கெட்டிலேயே வாங்கலாம்?

சாப்பாட்டு உப்பு அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும், அது பாக்கெட்டில் வருவதே நல்லது. குழந்தை உணவு, பேக்கிங் பவுடர், பெருங்காயம் இவற்றிலும் சில்லறை தேடி அலைய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பார்சலுக்கும் பாத்திரம் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆம்பூரோ ஆற்காடோ, தூக்கை நீட்டினால் போடுகிறார்கள். கத்தரிக்காய்க்கும் தயிர் பச்சடிக்கும் இரண்டு சின்ன டப்பா தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், மறந்தால் அவை மட்டும் கவரில்தான் வரும்.